ஜூலை 2, 1965: ஒரு மின்நிலையம், இரண்டு தேர்வுகள், பதின்மூன்று பேர்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டான் என்று ஓர் ஆறு. அதன் கரையில், டிரேப்பர் என்ற சிற்றூரில், நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றை டியூக் பவர் கம்பெனி நடத்திவந்தது. (டிரேப்பரை இன்றைய வரைபடத்தில் தேடினால் தனி ஊராகக் கிடைக்காது. 1967-ல் பக்கத்து ஊர்கள் இரண்டோடு சேர்த்து ஈடன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.) வழக்குக் காலத்தில் அங்கே 95 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் 14 பேர். அந்த 14 பேரில் 13 பேர் சேர்ந்து தொடுத்ததுதான் 'கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்' வழக்கு.

குடிமை உரிமைப் போராட்டம் என்றதும் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸும், வாஷிங்டன் பேரணியும், பள்ளிக்கூடங்களில் நிறப்பிரிவினையை ஒழித்த பிரவுன் தீர்ப்பும் நினைவுக்கு வரும். கிரிக்ஸ் வழக்கில் ஊர்வலம் கிடையாது, போலீஸ் நாய்கள் கிடையாது, புகழ்பெற்ற புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது ஒரு கம்பெனியின் பணியமர்த்தல் விதி, அதில் நடந்த இரண்டு திருத்தங்கள், அவ்வளவே. ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் சொன்ன பதிலை இந்த வழக்கு அடியோடு மாற்றியது.

முதலில் அந்த நிலையத்துக்குள் போவோம். ஐந்து பிரிவுகள்: லேபர் எனப்பட்ட கூலிப் பிரிவு, நிலக்கரி கையாளும் பிரிவு, இயக்கம், பராமரிப்பு, ஆய்வகம். கறுப்பினத்தவருக்கு லேபர் பிரிவில் மட்டுமே இடம். மற்ற நான்கும் வெள்ளையருக்கு. சம்பளக் கணக்கு இப்படி: லேபர் பிரிவில் எவ்வளவு மேலே போனாலும் கிடைக்கும் உச்சச் சம்பளம், மற்ற நான்கு பிரிவுகளில் ஆகக் கடைசியில் இருப்பவர் வாங்குவதைவிடக் குறைவு. பதவி உயர்வு அந்தந்தப் பிரிவுக்குள்ளேயேதான் நடக்கும். ஆகவே லேபரில் நுழைந்தவர் ஓய்வு பெறும் நாளிலும், நேற்று வேலைக்குச் சேர்ந்த வெள்ளையருக்குக் கீழேதான் நிற்பார்.

1955-ல் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது. லேபர் தவிர மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர ஹைஸ்கூல் படிப்பை முடித்திருக்க வேண்டும். நிலக்கரிப் பிரிவிலிருந்து 'உள்ளே', அதாவது இயக்கம், பராமரிப்பு, ஆய்வகம் ஆகியவற்றுக்குப் போகவும் அதே தகுதி வேண்டும். கறுப்பினத்தவரை இந்த விதி உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கதவு மூடியேதான் இருந்தது.

அப்புறம்தான் 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஜான்சன் ஜூலை 2, 1964 அன்று கையெழுத்திட்டார். அதில் வேலைவாய்ப்பைப் பற்றிய பகுதி ஏழாம் தலைப்பு. வழக்கறிஞர்கள் 'டைட்டில் செவன்' என்பார்கள். இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். முதலாளிகள் தயாராக ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. அந்தப் பகுதி உயிர்பெற்ற நாள் ஜூலை 2, 1965.

டியூக் பவர் நன்றாகவே தயாரானது. கறுப்பினத்தவரை லேபரில் அடைத்துவைக்கும் வழக்கத்தை அந்த ஆண்டு கைவிட்டது. கூடவே, லேபரிலிருந்து வெளியே போகவும் ஹைஸ்கூல் சான்றிதழ் வேண்டும் என்று விதித்தது. ஜூலை 2 அன்று, சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில், லேபர் தவிர மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேருகிறவர்கள் சான்றிதழோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று இன்னொரு படியையும் கட்டியது.

அதற்குள் நிலக்கரிப் பிரிவில் இருந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் முறையிட ஆரம்பித்தார்கள்: நாங்கள் காலமெல்லாம் கரி அள்ளிக்கொண்டே இருப்பதா? அவர்களுக்காக 1965 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், சான்றிதழ் இல்லாவிட்டால், அந்த இரண்டு தேர்வுகளில் தேறினால் போதும். சலுகை லேபர் பிரிவுக்கும் உண்டு. காகிதத்தில் இப்போது எல்லாருக்கும் ஒரே விதி.

ஒரு தேர்வின் பெயர் வாண்டர்லிக். பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது கேள்விகள்; பொது அறிவுத்திறனை அளப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தேர்வு. மற்றது பென்னட். கப்பி, பல்சக்கரம் போன்ற படங்களைக் காட்டி இயந்திர அறிவைச் சோதிப்பது. இரண்டில் எதுவும் டிரேப்பரில் உள்ள எந்த வேலைக்காகவும் தயாரிக்கப்பட்டதல்ல. தேர்ச்சி மதிப்பெண்ணை நாடு முழுவதும் ஹைஸ்கூல் முடித்தவர்களின் இடைநிலை மதிப்பெண்ணுக்கு அருகில் வைத்தார்கள். அப்படியென்றால் ஹைஸ்கூலை முடித்தவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் தோற்றுப்போவார்கள். சான்றிதழ் இல்லாதவருக்குச் சலுகையாக வந்த தேர்வு, சான்றிதழைவிடக் கடினமாக இருந்தது!

1966 மார்ச்சில் தொழிலாளர்கள், அந்தச் சட்டம் உருவாக்கிய சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். அப்போதைய ஆணையம் பல் இல்லாத பாம்பு. சமரசம் பேசலாம், வழக்குத் தொடர முடியாது. அந்த அதிகாரம் 1972-ல்தான் வந்தது. சமரசம் பலிக்காவிட்டால் தொழிலாளியே நீதிமன்றத்துக்குப் போய்க்கொள்ள வேண்டியதுதான். ஆனால் புகார் போன ஐந்தாவது மாதம், 1966 ஆகஸ்டில், அந்த நிலையத்தில் முதல்முறையாகக் கறுப்பினத்தவர் ஒருவர் லேபரிலிருந்து வெளியே வந்தார். நிலக்கரிப் பிரிவில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். அவர் ஹைஸ்கூல் முடித்தவர். லேபரில் சேர்ந்த ஆண்டு 1953.

வழக்கை நடத்தியது, கறுப்பினத்தவரின் உரிமை வழக்குகளை எடுத்து நடத்தும் என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியம். உள்ளூரில் தோள் கொடுத்தவர் சார்லட் நகர வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ். 1965-ல் அவருடைய காருக்கும் வீட்டுக்கும் குண்டு வைத்தார்கள். பணியாளர் விதியைப் பற்றிய வழக்குதானே என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சட்டப் பிரச்சினை எங்கே இருந்தது? ஏழாம் தலைப்பிலேயே கம்பெனிக்குச் சாதகமான ஒரு வாசகம் இருந்தது. தொழில்முறையில் தயாரிக்கப்பட்ட திறனறித் தேர்வை முதலாளி பயன்படுத்தலாம். அது பாகுபாட்டுக்காக வடிவமைக்கப்பட்டதாகவோ, அந்த நோக்கம் கொண்டதாகவோ, அதற்காகப் பயன்படுத்தப்படுவதாகவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர் முன்னின்று சேர்த்த திருத்தம் அது. இல்லினாய் மாநிலத்தில் மோட்டரோலா கம்பெனி வைத்த தேர்வு ஒன்றைக் குறைசொல்லி ஓர் உத்தரவு வந்திருந்தது. அதைப் பார்த்து மிரண்ட முதலாளிகளைச் சமாதானப்படுத்த இந்த வரி வந்தது. மசோதாவை ஆதரித்த செனட்டர்கள் கேஸும் கிளார்க்கும் அவையில் வைத்த விளக்கக் குறிப்பிலும், பின்னணி வேறுபாட்டால் ஒரு பிரிவினர் தேர்வில் சிறப்பாகச் செய்தாலும் நியாயமான தகுதித் தேர்வுகளைக் கைவிட வேண்டியதில்லை என்றே எழுதியிருந்தார்கள். இதை மறைத்துவிட்டுத் தீர்ப்பைப் புகழ்வது நேர்மையாகாது. சட்டத்தின் சொற்கள் ஒரு பக்கமாகச் சாயவில்லை.

1968-ல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. கம்பெனி முன்பு வெளிப்படையாகப் பாகுபாடு காட்டியது உண்மை, ஆனால் அது முடிந்துவிட்டது, இந்தச் சட்டம் பழைய கணக்கைக் கிளறாது என்பது அதன் நிலை. 1970 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதி இறங்கிவந்தது. 1955-க்கு முன்பே சேர்ந்த ஆறு பேருக்கு நிவாரணம் உண்டு. ஏனென்றால் அவர்களோடு அதே காலத்தில் சேர்ந்த வெள்ளையர்கள் சான்றிதழ் இல்லாமலேயே உள்ளே போயிருந்தார்கள். 1955-க்குப் பிறகு சேர்ந்து, சான்றிதழ் இல்லாமல் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. விதி எல்லாருக்கும் பொது, கெட்ட நோக்கத்துக்குச் சான்று இல்லை என்றது. நீதிபதி சைமன் சோபலோஃப் இதில் ஒத்துப்போகவில்லை. வேலைக்குத் தொடர்பில்லாத தேர்வை எதற்கு வைக்க வேண்டும் என்று கேட்டுத் தனியாக எழுதினார். பிரவுன் பள்ளி வழக்கின் இரண்டாம் சுற்றில் மத்திய அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் அவர்.

இந்த இடத்தில் படிக்கிறவருக்குக் கோபம் வரும். சட்டம் வந்த அதே நாளில் தேர்வைக் கொண்டுவந்திருக்கிறார்கள், இன்னும் என்ன சான்று வேண்டும்? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உச்ச நீதிமன்றமும் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு 'உள்நோக்கம் இருக்கிறது' என்று நான்கு வரியில் முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் 13 பேருக்கு நீதி கிடைத்திருக்கும். வழக்கும் அதோடு மறக்கப்பட்டிருக்கும். அடுத்த கம்பெனி செய்ய வேண்டியதெல்லாம் வேறொரு தேதியைத் தேர்ந்தெடுப்பதுதானே.

மார்ச் 8, 1971 அன்று வந்த தீர்ப்பு அந்தச் சுலபமான வழியை எடுக்கவில்லை. எட்டுக்குப் பூஜ்யம், நீதிபதி பிரென்னன் பங்கேற்கவில்லை. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். நிக்ஸன் நியமித்த, பழமைவாதி என்று பெயர்பெற்ற மனிதர். நிக்ஸன் அரசின் வழக்கறிஞரும் இந்த வழக்கில் தொழிலாளர்கள் பக்கம் நின்றே வாதாடினார். இன்றைய அமெரிக்க அரசியலைப் பார்க்கிறவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கலாம்.

கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்ற கீழ் நீதிமன்றங்களின் முடிவோடு பர்கர் மல்லுக்கட்டவில்லை. கம்பெனி, படிக்காத தொழிலாளர்கள் ஹைஸ்கூல் முடிக்கப் படிப்புக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தானே கொடுத்தது என்பதையும் குறிப்பிட்டார். குறிப்பிட்டுவிட்டு, சட்டம் பார்ப்பது நடைமுறையின் விளைவைத்தான், வெறும் நோக்கத்தை அல்ல என்றார். வடிவத்தில் நியாயமாகவும் செயல்பாட்டில் பாகுபாடாகவும் இருக்கும் நடைமுறைகளையும் சட்டம் தடுக்கிறது. தப்பிக்க ஒரே வழி, அந்த நிபந்தனை வேலைக்கு உண்மையிலேயே தேவை என்று முதலாளி காட்டுவது.

விளைவு என்ன என்பதற்கு எண்கள் இருந்தன. 1960 மக்கள்தொகைக் கணக்கின்படி வட கரோலினாவில் ஹைஸ்கூல் முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். இந்த இரண்டு தேர்வுகளும் அடங்கிய தேர்வுத் தொகுப்பு ஒன்றை வைத்த வேறொரு இடத்தில் தேறிய வெள்ளையர் 58 சதவீதம், கறுப்பினத்தவர் 6 சதவீதம் என்று ஆணையம் கண்டிருந்தது. இந்த இடைவெளி ஏன் வந்தது என்பதும் நீதிமன்றத்துக்குத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு முன், 1969-ல், அதே மாநிலத்தின் காஸ்டன் கவுன்டியில் வாக்காளருக்கு வைத்த எழுத்தறிவுத் தேர்வைப் பற்றிய வழக்கு வந்திருந்தது. கறுப்பினத்தவரை அவர்களுக்கெனப் பிரித்த, தரம் தாழ்ந்த பள்ளியில் படிக்கவைத்துவிட்டு, பிறகு எல்லாருக்கும் ஒரே தேர்வு என்று சொல்ல முடியாது என்று அதில் தீர்ப்பாகியிருந்தது. கறுப்பினத்தவர் வாக்குச்சாவடி வாசலில் சந்தித்த தடைதான் இப்போது மின்நிலைய வாசலுக்கு வந்திருந்தது. பர்கர் அந்தத் தீர்ப்பை நேராகவே எடுத்துக்காட்டினார்.

என்னைப் பொறுத்தவரை வழக்கின் அச்சாணி வேறொரு எண்ணில் இருக்கிறது. தீர்ப்பில் அது அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. 1965 ஜூலைக்கும் 1966 நவம்பருக்கும் இடையே அந்த நிலையத்தில் பதவி உயர்வு பெற்ற வெள்ளையர்களை எண்ணிப் பார்த்தார்கள். அவர்களில் ஹைஸ்கூல் முடிக்காதவர்களின் விகிதமும், மொத்த வெள்ளைத் தொழிலாளர்களில் முடிக்காதவர்களின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். சான்றிதழ் இல்லாததால் அவர்கள் யாரும் வேலையில் பின்தங்கவில்லை. சான்றிதழுக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பே இல்லை என்பதைக் கம்பெனியின் சொந்தப் பேரேடே சொல்லிவிட்டது. எதற்காக இந்த விதி என்று கேட்டபோது துணைத் தலைவர் ஒருவர் சொன்ன பதில், பொதுவாகத் தொழிலாளர்களின் தரம் உயரும் என்று நினைத்தோம் என்பதே. ஆய்வு எதுவும் செய்திருக்கவில்லை.

பர்கர் ஈசாப் கதை ஒன்றைச் சொன்னார். நம் குழந்தைகளுக்கும் தெரிந்த நரியும் கொக்கும் கதைதான். தட்டையான தட்டில் பாலை ஊற்றிக் கொக்கையும் விருந்துக்கு அழைப்பது சம வாய்ப்பு ஆகாது; எல்லாரும் குடிக்கக்கூடிய பாத்திரத்தில் பாலைக் கொடுக்கச் சொல்கிறது சட்டம் என்று எழுதினார். பட்டங்களும் தேர்வுகளும் நல்ல வேலைக்காரர்கள், எஜமானர்களாகிவிடக் கூடாது என்ற அவருடைய வரியும் புகழ்பெற்றது. தேர்வு அளக்க வேண்டியது அந்த வேலைக்கான ஆளை. வேலையோடு ஒட்டாத பொத்தாம்பொதுவான ஆளை அல்ல. அதே மூச்சில், தகுதி இல்லாதவருக்குச் சிறுபான்மையினர் என்பதற்காக வேலை கொடுக்கச் சட்டம் சொல்லவில்லை என்றும் தெளிவாக்கினார். தீர்ப்பை எதிர்ப்பவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தக் கொள்கை நிறத்தைத் தாண்டிப் போனது. 1977-ல் அலபாமா சிறைக் காவலர் வேலைக்கு 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் வேண்டும் என்ற விதி உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அந்த விதி பெண்களில் 41 சதவீதத்துக்கு மேல் வடிகட்டியது. ஆண்களில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. உடல்வலு வேண்டும் என்றால் வலுவையே சோதித்துக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். மறுபக்கம், 1976-ல் வாஷிங்டன் போலீஸ் தேர்வு வழக்கில், அரசியல் சாசனத்தின் கீழ் வழக்குப் போட்டால் நோக்கத்தை நிரூபித்தே ஆக வேண்டும் என்று கோடு கிழித்துவிட்டார்கள். கிரிக்ஸின் பலம் சாசனத்தில் இல்லை, ஒரு சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது என்று அன்று தெரிந்துபோனது. சட்டத்தை மாற்றலாம், சுருக்கலாம்.

1989-ல் சுருக்கினார்கள். அலாஸ்காவில் சால்மன் மீனை டின்னில் அடைக்கும் வார்ட்ஸ் கோவ் என்ற கம்பெனி. மீன் வெட்டும் வரிசையில் பெரும்பாலும் பிலிப்பினோக்களும் அலாஸ்கா பழங்குடியினரும். நல்ல சம்பள வேலைகளில் பெரும்பாலும் வெள்ளையர். தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் தனித்தனி. தோட்ட முதலாளிகளின் காலத்தை நினைவுபடுத்துகிறது என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மை, நிரூபிக்கும் சுமையை முதலாளியின் தலையிலிருந்து இறக்கித் தொழிலாளியின் தலையில் வைத்தது. நாடாளுமன்றம் இதை மாற்ற 1990-ல் மசோதா நிறைவேற்றியபோது, இது இட ஒதுக்கீட்டு மசோதா என்று சொல்லி மூத்த புஷ் வீட்டோ செய்தார். வீட்டோவை முறியடிக்கச் செனட்டில் ஒரு வாக்குக் குறைந்தது. மறு ஆண்டு, 1991 நவம்பரில், திருத்தப்பட்ட வடிவத்தில் அவரே கையெழுத்திட்டார். கிரிக்ஸ் வழக்கின் பெயரைச் சொல்லி, அதன் 'தொழில் தேவை' என்ற அளவுகோல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. பின்வாசலில் ஒரு வேலையும் நடந்தது. 1975 மார்ச்சுக்கு முன் புகார் கொடுத்து 1983 அக்டோபருக்குப் பின் முதல் தீர்ப்பு வந்த வழக்குகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கு. அந்தச் சட்டைக்குள் பொருந்திய ஒரே உடம்பு வார்ட்ஸ் கோவ். சட்டம் வரக் காரணமான மீன் தொழிலாளர்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

கிரிக்ஸின் குரல் நம் பக்கமும் வந்து சேர்ந்தது. 2021 மார்ச்சில், ராணுவப் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி நியமனம் தொடர்பான நிதிஷா வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் மறைமுகப் பாகுபாட்டை விளக்கும்போது இந்த வழக்கை விரிவாகப் பேசியது. ஆண்களுக்கு இளவயதில் வைத்த உடற்தகுதி அளவை, காலம் கடத்தி நடுவயதில் பெண்களுக்கு வைப்பது வெளித்தோற்றத்தில்தான் சமம் என்பது அங்கே கேள்வி.

அமெரிக்காவில் வாதம் ஓயவில்லை. ஒரு நடைமுறையின் விளைவை எண்ணிப் பார்க்கச் சொன்னால், வழக்குக்குப் பயந்து முதலாளிகள் ஆட்களை இனவாரியாக எண்ணிச் சேர்ப்பார்கள் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. நியூ ஹேவன் நகர் தன் தீயணைப்பு வீரர்களுக்கு வைத்த பதவி உயர்வுத் தேர்வின் முடிவுகளை, அந்தப் பயத்தில் தூக்கிப்போட்டு, 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2025 ஏப்ரலில் ஜனாதிபதி டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில், விளைவை வைத்துப் பாகுபாட்டைப் பார்க்கும் வழக்குகளுக்கு அரசுத் துறைகள் முன்னுரிமை தர வேண்டாம் என்று உத்தரவிட்டார். ஆணையால் 1991-ன் சட்ட வாசகத்தை அழிக்க முடியாது. தொழிலாளி ஆணையத்தில் புகார் பதிந்து, அரசின் துணை இல்லாமல் தானே நீதிமன்றம் போகும் வழி சட்டத்தில் அப்படியே இருக்கிறது. டிரேப்பர்க்காரர்கள் 13 பேரும் 1966-ல் அப்படித்தான் போனார்கள்.